கேள்வியையும் எழுதுங்கள்

போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் இரண்டின் வாசலையும் மிதிக்காமல் காலத்தை ஓட்டிவிட்டால் புண்ணியம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வழக்குப் போடுகிறவனுக்கும் வழக்கில் மாட்டிக்கொள்கிறவனுக்கும் சொன்ன வார்த்தை அது. இப்போது வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சாட்சிகூட அதையே சொல்கிறான். கண்ணெதிரே விபத்து நடந்தால் கூட்டம் கலைகிறது. பக்கத்து வீட்டு உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், "கண் சரியாகத் தெரியவில்லை" என்று நழுவுகிறோம். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இதற்கு "சமூகப் பொறுப்பின்மை" என்று பெயர் வைக்கிறார்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீதித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி ஜட்ஜின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து சாட்சியம் டைப் அடித்த காலம். முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். சாட்சிக் கூண்டுக்கும் எனக்கும் ஆறடி தூரம் இருக்கும். அந்த ஆறடியில் நான் பார்த்ததையெல்லாம் பார்த்த எவனும், மறுபடி சாட்சிக்கு வர மாட்டேன் என்று சொல்கிறவனைக் குறை சொல்ல மாட்டான்.

என் வழக்கு வேறு ஒன்று. சாட்சியை அவமானப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. 1872-ஆம் வருஷத்திலிருந்து இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில், சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. சினிமாவில் வருவதுபோல வக்கீல் கேட்டது ஒரு வரி, சாட்சி சொன்னது ஒரு வரி என்று நாங்கள் அடிப்பதில்லை. வக்கீல் கேட்பார், சாட்சி பதில் சொல்வார், இரண்டையும் சேர்த்து ஜட்ஜ் ஒரே வாக்கியமாகச் சொல்வார். அதை நாங்கள் அடிப்போம். வாக்கியம் எப்போதும் சாட்சியே தானாகப் பேசுவதுபோல இருக்கும். "நான் மேற்படி கிராமத்தில் வசிக்கிறேன். வாதியை எனக்குத் தெரியும். நான் வாதிக்கு வேண்டியவர் என்பதால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." இந்த "என்றால் சரியல்ல" என்ற முடிவை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ! வக்கீல் கத்திக் கேட்டாலும் மெதுவாகக் கேட்டாலும், மரியாதையாகக் கேட்டாலும் "ஏய்" என்று கேட்டாலும், பேப்பரில் வருவது அதே ஐந்தாறு சொல்தான்.

அதாவது, பதில் எழுதப்படுகிறது. கேள்வி காற்றோடு போய்விடுகிறது.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஊர், பெயர் வேண்டாம். ஒரு வரப்புத் தகராறு வழக்கு. பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் சாட்சிக்கு வந்தார். வரப்பு எங்கே இருந்தது, வேலி எப்போது போட்டார்கள், இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பத்து நிமிஷம் நிலத்தைப் பற்றிக் கேட்டார். பெரியவர் அசையவில்லை. உடனே வக்கீல் குரலை மாற்றினார். "உன் பெண்டாட்டி உன்னை விட்டுட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? ஏன் போனாள்? யாரோடு போனாள்?" பெரியவர் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வராந்தாவில் அவர் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஜட்ஜ் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து வக்கீல் எழுந்திருக்கவே இல்லை.

அன்று நான் அடித்த வாக்கியம் இது: "என் மனைவி என்னுடன் வசிக்கவில்லை." அவ்வளவுதான். அப்பீலில் அந்தக் கட்டைப் படித்த மேல் கோர்ட்டுக்கு, ஒரு மனிதனை ஊர் பார்க்க உரித்தெடுத்தது எங்கே தெரியும்? கிழவர் தானாக முன்வந்து தன் குடும்ப விவரம் சொன்னதுபோல அல்லவா இருக்கிறது அந்த வாக்கியம்!

இதைச் சொன்னால் வக்கீல் நண்பர்கள் சிலர் உடனே கோபித்துக்கொள்வார்கள். "குறுக்கு விசாரணை என்றால் அப்படித்தான் சார். பொய் சாட்சியை வேறு எப்படிப் பிடிப்பது?" நியாயமான கேள்வி. பொய் சாட்சிகளை நானும் பார்த்திருக்கிறேன், சிலரைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கிழித்தெறிந்த திறமையான வக்கீல்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு அப்பாவி ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றுவது அந்தக் குறுக்கு விசாரணைதான். சாட்சியின் நாணயத்தைச் சோதிக்கவும், அவர் நம்பத்தக்கவர் அல்ல என்று காட்டவும், அதற்காக அவருடைய நடத்தையைத் தொடவும்கூடச் சட்டமே வக்கீலுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் நான் பார்த்த கெட்டிக்கார வக்கீல்கள் யாரும் குரலை உயர்த்தியதில்லை. தேதியை வைத்தும் தூரத்தை வைத்தும் ரசீதை வைத்தும் சாட்சியை மடக்குவார்கள். பெண்டாட்டியை இழுக்கிறவர், கையில் சரக்குத் தீர்ந்துபோனவர்.

உரிமை கொடுத்த அதே சட்டம் வேலியும் போட்டிருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 148 முதல் 152 வரை ஐந்து பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அவையே 151 முதல் 155 வரை வந்திருக்கின்றன. எண் மாறியதே தவிர, சாரம் மாறவில்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாட்சியின் நடத்தையைத் தாக்கும் கேள்வி, வழக்குக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாததாக இருந்தால், அதற்குச் சாட்சி பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்பதைக் கோர்ட்தான் முடிவு செய்ய வேண்டும். "நீங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்று சாட்சியிடம் சொல்லவும் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு ரொம்பப் பழையதா, சாட்சி சொல்லும் விஷயத்தின் முக்கியத்துவத்துக்கு மீறியதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது சட்டம்.

அடுத்தது, தகுந்த ஆதாரம் இல்லாமல் அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கவே கூடாது. பழைய சட்டத்தில் இதற்குக் கொடுத்த உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரென்றே தெரியாத ஒரு சாட்சியைப் பார்த்து, போகிற போக்கில் "நீ கொள்ளைக்காரன்தானே?" என்று கேட்டால், அதற்கு ஆதாரம் இல்லை, அது தவறான கேள்வி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்த வியாதி இருந்திருக்கிறது பாருங்கள்!

அப்படி ஆதாரமில்லாமல் ஒரு வக்கீல் கேட்டால், அதை உயர் நீதிமன்றத்துக்கோ அந்த வக்கீலைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்கோ ஜட்ஜ் ரிப்போர்ட் செய்யலாம். இது அடுத்த பிரிவு. என் சர்வீஸில் அப்படி ஒரு ரிப்போர்ட் அடிக்க எனக்கு வாய்க்கவே இல்லை.

அதற்கடுத்த இரண்டு பிரிவுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆபாசமான, அவதூறான கேள்விகளைக் கோர்ட் தடுக்கலாம் என்கிறது ஒன்று. வழக்கின் பிரச்சினைக்கே தேவைப்பட்டால் அனுமதிக்க வேண்டியிருக்கும் என்பதால் "தடுக்கலாம்". ஆனால் சாட்சியை அவமானப்படுத்தவோ தொல்லை கொடுக்கவோ கேட்டதாகத் தெரியும் கேள்வியை, கேள்வி சரியாகவே இருந்தாலும் கேட்கும் விதம் தேவையில்லாமல் புண்படுத்துவதாக இருந்தால் அதையும், கோர்ட் தடுத்தே ஆக வேண்டும் என்கிறது மற்றொன்று. இங்கே "லாம்" கிடையாது. கட்டாயம். வக்கீல் ஆட்சேபிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெரியவரைக் கேட்டபோது கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஜட்ஜ், தன் கடமையைச் செய்யாமல் இருந்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் சொல்லாமல் இல்லை. 1996-இல் குர்மித் சிங் வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கோர்ட் மௌனப் பார்வையாளராக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. 2000-இல் ஸ்வரண் சிங் வழக்கில், சாட்சிகள் படும் பாட்டை, உட்கார இடமில்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல், வாய்தா மேல் வாய்தா வாங்கி அலைவதை, வேதனையோடு எழுதியது. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தைச் சாட்சியிடம் வக்கீல் நேரடியாகக் கேட்கவே கூடாது, கேள்வியை ஜட்ஜிடம் கொடுத்து ஜட்ஜ்தான் கேட்க வேண்டும், மிரட்டும் கேள்விகளையும் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதையும் அனுமதிக்கக் கூடாது என்று வைத்தார்கள். நல்ல காரியம். குழந்தைக்குச் செய்ய முடிந்த மரியாதையில் கால் பங்கை எழுபது வயதுக் கிழவருக்குச் செய்ய முடியாதா?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கோர்ட் நடக்கும்போது ஜட்ஜை யாராவது அவமதித்தால், அன்றே, கோர்ட் கலைவதற்குள் அந்த ஆளைத் தண்டிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜட்ஜை மிரட்டும் வக்கீல்கள் கோர்ட்டில் ஆஜராகத் தடை விதிக்கலாம் என்று விதியே கொண்டுவந்தது. வக்கீல்கள் தமிழ்நாடு முழுக்கப் போராடினார்கள், விதி நிறுத்திவைக்கப்பட்டது. அந்த விதி சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஜட்ஜின் மரியாதைக்காக ஒரு பக்கம், வக்கீலின் சுதந்திரத்துக்காக ஒரு பக்கம் என்று இத்தனை பேர் சண்டை போட்டார்கள். சாட்சியின் மரியாதைக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது கோர்ட்டைப் புறக்கணித்திருக்கிறார்களா?

சாட்சி கூண்டில் எப்படி நடந்துகொண்டார், திணறினாரா, தடுமாறினாரா என்று ஜட்ஜ் குறிப்பு எழுதச் சிவில் சட்டத்திலும் கிரிமினல் சட்டத்திலும் தனி விதி இருக்கிறது. வக்கீல் எப்படி நடந்துகொண்டார் என்று எழுத அப்படி ஒரு விதி கிடையாது. கத்தலில் நடுங்கிப்போன சாட்சிக்கு "தடுமாறினார்" என்று குறிப்பு விழுந்துவிடும். கத்தியவர் பெயர் எங்கும் வராது.

இதற்கு மருந்து என்ன? புதுச் சட்டம் வேண்டாம். மருந்தை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஜட்ஜுகளில் ஒருவர் அதிகம் பேச மாட்டார். யாரையும் கடிந்துகொண்டதும் இல்லை. வக்கீல் எல்லை தாண்டினால் என் பக்கம் திரும்பி, "அந்தக் கேள்வியை வார்த்தை மாறாமல் அப்படியே அடிங்க" என்பார். பிறகு வக்கீலைப் பார்த்து, "சார், கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க, டைப்பிஸ்ட் எடுத்துக்கட்டும்" என்பார். கோர்ட் ஹால் நிசப்தமாகிவிடும். கத்தின வாய் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லக் கூசும். பத்துக்கு ஒன்பது முறை, "அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன் ஐயா" என்று பதில் வரும். அந்தக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை குறையவில்லை. கேவலமான கேள்வி குறைந்தது.

அவர் செய்தது புதுமை இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 18, ரூல் 10: தனிக் காரணம் இருந்தால் குறிப்பிட்ட கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதலாம். ரூல் 11: ஆட்சேபிக்கப்பட்ட கேள்வியைக் கோர்ட் அனுமதித்தால், கேள்வி, பதில், ஆட்சேபணை, ஆட்சேபித்தவர் பெயர், கோர்ட்டின் முடிவு அத்தனையும் எழுத வேண்டும். செஷன்ஸ் வழக்கிலும் கேள்வி பதிலாக எழுதும் அதிகாரம் ஜட்ஜுக்கு உண்டு. கேள்வி பேப்பரில் ஏறிவிட்டால் மேல் கோர்ட் பார்க்கும். பார் கவுன்சிலுக்குப் புகார் போனால் ஆதாரமாக நிற்கும். அட்வகேட்ஸ் சட்டம் பிரிவு 35-இன்படி கண்டிப்பதிலிருந்து பெயரை நீக்குவது வரை பார் கவுன்சிலால் செய்ய முடியும். ஆனால் ஏட்டில் இல்லாத கேள்விக்கு என்ன புகார் கொடுப்பது? "என் மனைவி என்னுடன் வசிக்கவில்லை" என்ற வரியைக் காட்டி எந்த வக்கீலைத் தண்டிக்க முடியும்? மானநஷ்ட வழக்குப் போடலாமே என்பார்கள் சிலர். வழக்கு நடத்தும்போது வக்கீல் பேசியதற்குச் சட்டத்தில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது, அது எளிதில் நிற்காது.

இப்போது இன்னொரு இடமும் முளைத்திருக்கிறது. 2002-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, குறுக்கு விசாரணையைக் கமிஷனர் முன்னால் நடத்தலாம். நம் சேலம் வக்கீல் சங்கம்தான் அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் வந்த தீர்ப்பு திருத்தங்களை நிலைநிறுத்தியது. கமிஷனர் என்பவர் பெரும்பாலும் ஒரு வக்கீல். ஜட்ஜ் இல்லாத அறை. ஆட்சேபித்த கேள்வியையும் அவர் குறித்துக்கொண்டு போக வேண்டியவர்தான், சரியா தவறா என்று பின்னால் கோர்ட் பார்க்கும். ஆகவே அங்கே எழுதச் சொல்வது இன்னும் முக்கியம். ஆட்சேபணை எழுதப்படாவிட்டால் கோர்ட் பார்க்க ஒன்றுமே இராது. எழுத்தில் மட்டுமல்லாமல் கருவி மூலமாகவும் பதிவு செய்யலாம் என்று அந்த விதியே சொல்கிறது. ஆளுக்கு ஒரு செல்போன் வைத்திருக்கும் காலத்தில் கமிஷனர் அறையில் ஒரு ரெக்கார்டர் வைக்க என்ன தடை?

நேரமில்லை என்கிறார்கள். ஒரு கேள்வியை அடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆகும். அந்தப் பெரியவரை வதைக்க இருபது நிமிஷம் செலவானது. வக்கீல்களைப் பகைத்துக்கொண்டு கோர்ட் நடத்த முடியாது என்கிறார்கள். நான் சொன்ன ஜட்ஜை யாரும் பகைக்கவில்லை, மாற்றலாகிப் போனபோது வக்கீல் சங்கமே பிரிவுபசார விழா நடத்தியது.

நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. நாளைக்கு உங்களுக்கும் சம்மன் வரலாம். உயில் சாட்சி, பாகப் பிரிவினை, பக்கத்து வீட்டுத் தகராறு, ஏதோ ஒன்று. போங்கள். பயப்பட வேண்டாம். தனிப்பட்ட முறையில் அவமானப்படுத்தும் கேள்வி வந்தால் வக்கீலோடு வாதாடாதீர்கள். "பதில் சொல்ல மாட்டேன்" என்றும் முறைக்காதீர்கள், அது குற்றமாகிவிடும். ஜட்ஜ் பக்கம் திரும்பி, "ஐயா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டுமென்றால் கேள்வியையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிற்க முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்லாதது இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். கிரிமினல் வழக்கில், ஜட்ஜ் திருத்தாவிட்டாலும் உங்கள் ஆட்சேபணையைக் குறித்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. சிவில் வழக்கில் உங்களைக் கூப்பிட்டவர் பாட்டா கட்ட வேண்டும், அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு டைப்பிஸ்ட் ரிட்டயர் ஆன பிறகு எழுதித்தான் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமா? சாட்சிக்குப் போகும் சம்மனின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. வராவிட்டால் என்ன தண்டனை என்று முன்பக்கத்தில் மிரட்டுகிறார்களே, வந்தால் என்ன மரியாதை என்று பின்பக்கத்தில் பத்து வரி தமிழில் அச்சடித்தால் என்ன? உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் முடிகிற காரியம். அதுவரை ஒவ்வொரு கோர்ட்டிலும் மேடைக்குக் கீழே என்னைப்போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் விரல் தயாராகத்தான் இருக்கிறது. மேலே இருந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.